மண்ணெண்ணெயில் துறந்த நோன்பு

காத்தான்குடி
1937 நவம்பர் 27

அன்பு மகள் நஸீறாவுக்கு வாப்பா ஸலாத்துடன் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், கண்டியில் நீயும் மருமகனும் பேரன் மஜீடும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறோம். நான் ஆசுபத்திரியில் கிடந்தேன் என்று யாராவது சொல்லி அழுதிருந்தால் கண்ணைத் துடைத்துக்கொள், வயிறு நிறையக் கஞ்சி குடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போன கிழமை ஓயாத மழை, அஸர் தொழுகைக்குப் பிறகே வீடு இருட்டு. உம்மா அடுப்படியில் நிற்கிறாளே, லாம்பை நாமே கொளுத்துவோம் என்று ஒருநாளும் வராத புத்தி எனக்கு வந்தது. மண்ணெண்ணெயைத் தண்ணீர் குடிக்கிற பேணியில் வார்த்து ஈத்தம்பழத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரியைத் தேடினேன். அதற்குள் பள்ளியில் நோன்பு துறக்கிற பாங்கு சொல்லிவிட்டார்கள். காய்ந்த தொண்டை, சளியால் அடைத்த மூக்கு. பிஸ்மி சொல்லி, தண்ணீர் என்று அந்தப் பேணியை எடுத்து ஒரே மிடறு! நெஞ்சு எரிந்து, விடாமல் இருமி, மூச்சு இளைத்தது. பக்கத்து வீட்டு அசனார் உப்புத் தண்ணீரோடு ஓடிவந்து, குடிங்க காக்கா, சத்தி எடுத்தா எல்லாம் வெளிய வந்திரும் என்றான். உன் உம்மா அதைத் தட்டிவிட்டாள். முந்தி வல்லிபுரத்தாரின் பிள்ளை மண்ணெண்ணெய் குடித்தபோது ஆசுபத்திரி அப்போதிக்கரி சொன்னதை அவள் மறக்கவில்லை. சத்தி எடுக்க வச்சா எண்ணெய் நெஞ்சுக்குள்ள போயிரும், வாயக் கழுவி நிமித்தி இருத்துங்க, மாட்டுக் கரத்தையப் பூட்டுங்க என்று சத்தம் போட்டாள். ஆசுபத்திரியில் அவள் செய்ததே சரி என்றார்கள், சில நாள் வைத்திருந்து மூச்சைப் பார்த்து அனுப்பினார்கள். எனக்கிருந்த கவலையெல்லாம் அந்த நோன்பு கூடுமா என்பதுதான். பாங்குக்குப் பிறகு குடித்ததுதானே, கூடும் என்று பள்ளி லெப்பை சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

மகளே, மஜீட் தவழுகிற பிள்ளை. மண்ணெண்ணெயைக் குடிக்கிற பாத்திரத்தில் ஒருநாளும் வார்க்காதே, போத்தலை எட்டாத உயரத்தில் வை. பிள்ளையின் வாயில் அந்த மணம் வந்து இருமினாலோ மூச்சு வேகமாக வாங்கினாலோ கைமருந்து பார்க்காதே, சத்தி எடுக்க வைக்காதே, போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆசுபத்திரிக்கு ஓடு.

இன்னொன்று. கரத்தையில் போகும்போது எனக்குக் கண் சொருகியது. அப்போது உன் உம்மா என் தோளை உலுக்கி, சாலிஹ், சாலிஹ், கண்ணைத் திற என்று தெருவே கேட்கக் கூப்பிட்டாள். கலியாணம் முடித்த நாள்தொட்டு இஞ்ச பாருங்க என்பதைத் தவிர வேறு பெயர் எனக்கு அவள் வாயில் இருந்ததில்லை. பயந்துபோயிருந்தேன் மகளே, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் விழித்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு தரம் சொல்லேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். இன்னொரு பேணி குடிங்க, சொல்றன் என்கிறாள்.

பெருநாளைக்குப் பிள்ளையோடு வந்து சேருங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தருவானாக.

உம்மா கூப்பிட்ட அதே பெயருடன்,
உன் வாப்பா
சாலிஹ்