கார்தோன் தெரு வேகத்தடையை இடிக்க வேண்டாம் என்பது பற்றி

அனுப்புநர்:
வெர்லீன் ஸ்டோக்ஸ்,
வீட்டு எண் 118, கார்தோன் தெரு,
மேல்குன்றுப் பகுதி, சான் எவெலியோ,
பாஹா கலிபோர்னியா, மெக்சிகோ.

பெறுநர்:
பொதுப்பணிப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
சான் எவெலியோ.

பொருள்: எங்கள் தெரு வேகத்தடையை வரும் திங்கட்கிழமை இடிக்கும் உத்தரவை நிறுத்தக் கோருதல், தங்கள் ஆய்வாளர் நீட்டிய தாளில் நான் கையெழுத்திட மறுத்த காரணம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அமெரிக்க நாட்டுக்காரி. வெங்காய வயல்களில் வளர்ந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு சான் டியாகோவில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அங்கே ஒற்றை அறைக்குக் கேட்கிற வாடகையில் இங்கே முற்றத்தோடு முழு வீடு கிடைக்கிறது என்பதால் என் பேத்தி கேண்ட்ராவும் நானும் இங்கே குடிவந்தோம். கேண்ட்ரா தினமும் எல்லை தாண்டிப் போய் ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்கூடம் முழுவதையும் கட்டி மேய்த்துவிட்டு வருகிறாள். எங்கள் வம்சத்தில் பிறருக்கு வேலை சொல்லும் முதல் ஆள் அவள்தான். மலிவு என்றுதான் வந்தோம், அதை மறைக்கவில்லை. ஆனால் இன்னும் இங்கே இருப்பது மலிவுக்காக அல்ல. இம்மனுவை இந்தத் தெருவில் கற்ற ஸ்பானிய மொழியில் என் கைப்பட எழுதியிருக்கிறேன். இதிலுள்ள பிழைகளும் என்னுடையவையே.

2. எங்கள் ஊரில் பாதிப் பேர் விடிவதற்கு முன்பே எல்லை வாசலில் வரிசை பிடிக்கக் கிளம்புகிறவர்கள் என்பது தாங்கள் அறிந்ததே. பெரிய சாலை அடைத்துக்கொண்டால் எல்லா வண்டியும் எங்கள் இறக்கத்தில்தான் பாய்கிறது. சென்ற ஆண்டு அப்படிப் பாய்ந்த ஒரு கார், முனையில் சோளமாவை அவித்துத் தமாலே விற்கும் எதெல்வினாவின் தள்ளுவண்டியை இடித்தது. கொதிக்கிற பானை அவள் காலில் கவிழ்ந்தது. கார் நிற்கவில்லை. எதெல்வினா இன்றும் அந்தக் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறாள். அதே முனையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூட வேனுக்கும் நிற்கிறார்கள்.

3. வேகத்தடை கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்குத் தெருவே சேர்ந்து இரண்டு முறை மனுக் கொடுத்தோம். பதில் வரவில்லை. ஆகவே இந்த ஊரில் மற்றத் தெருக்கள் செய்வதையே நாங்களும் செய்தோம். வீட்டுக்கு வீடு சிமெண்ட், மணல், ஜல்லி என்று ஆனதைக் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொத்தனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டுப் பெரியவர் குமெர்சிந்தோ மட்டம் பிடிக்க, எல்லோருமாகப் போட்டோம். கலவை கலக்கியது நான். சலவைக்கூடத்தில் ஈரக் கம்பளியைத் தூக்கிப் பழகிய கைகள் என்னுடையவை. பாதி நேரம் போனதும் மண்வெட்டியை வாங்க வந்த இளைஞர்களை நான் விடவில்லை.

4. இதில் ஒரு தவறு நடந்தது. அதற்குப் பொறுப்பு நான். குமெர்சிந்தோ உள்ளங்கை அகல உயரம் போதும் என்றார். போதாது, அதை இவர்கள் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுவார்கள் என்று சொல்லி நான்தான் உயர்த்தச் சொன்னேன். கலவை இறுகியதும் அதன்மேல் ஏறிய முதல் கார் என் பேத்தியுடையது. அடிப்பாகம் கிழிந்து எண்ணெய் முழுதும் தெருவில் ஓடியது. அன்று கேண்ட்ரா சொன்ன வார்த்தைகள் மனுவில் எழுதத் தக்கவை அல்ல. எதெல்வினா மட்டும், "பாத்தியா வெர்லீன், பொறி வச்சே, உன் வீட்டு எலிதான் மொதல்ல மாட்டுச்சு" என்றாள். மறுநாளே மேற்பகுதியைச் செதுக்கி இறக்கிச் சரிவாக்கினோம். இப்போது முட்டை வியாபாரி தம் வண்டியோடு மெதுவாக ஏறி இறங்குகிறார். ஒரு முட்டைகூட உடைவதில்லை. அதன்பின் அந்த முனையில் யாரும் அடிபடவில்லை.

5. அடுத்தது என் பெயர் பற்றியது. கலவை ஈரமாக இருக்கும்போது பிள்ளைகள் கை பதித்தார்கள், கோழி ஒன்றும் கால் பதித்தது. நான் ஓரத்தில் ஒரு குச்சியால் என் முழுப் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதினேன். செய்த வேலையின்கீழ் பெயர் போட வேண்டும் என்று எனக்குப் பள்ளியில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்த குமெர்சிந்தோ தரையில் உட்கார்ந்து சிரித்தார். "அம்மா, அனுமதி இல்லாமக் கட்டுறதுல யாராவது விலாசம் எழுதுவாங்களா? ஆபீசுக்காரனுக்கு வேலையே வைக்கலியே நீ" என்றார். அழிக்கச் சொன்னார்கள். நான் அழிக்கவில்லை.

6. கீழ்ப் பகுதியிலிருந்து வந்த புகாரின்பேரில் தங்கள் ஆய்வாளர் சென்ற வாரம் வந்தார். பெயரைப் படித்துவிட்டு நேரே என் கதவைத் தட்டினார். மரியாதையான மனிதர், அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அவர் நீட்டிய தாளில், நான் வெளிநாட்டவர் என்பதால் இந்நாட்டு விதி தெரியாமல் இதைச் செய்துவிட்டேன், இடித்துவிட எனக்குச் சம்மதம் என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. "கையெழுத்துப் போடுங்கம்மா. உங்க மேல ஒண்ணும் வராது. இல்லேன்னா குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போறப்ப இது குறுக்க நிக்கும். உங்களுக்கு எதுக்கு இந்தத் தெருச் சண்டை? விருந்தாளி மாதிரி நிம்மதியா இருங்க" என்றார். என் அட்டை வரும் ஜூனில் முடிகிறது.

7. அன்று மாலை தெருவார் என் முற்றத்தில் கூடினார்கள். குமெர்சிந்தோ, "போட்டுக் குடுத்துடும்மா. தடை போனா வேற தடை. நீ போயிட்டா என்ன பண்றது?" என்றார். எதெல்வினாவும் தலையை ஆட்டினாள். காயம்பட்டவளே தலையாட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. கேண்ட்ரா மட்டும் அந்தத் தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். "உனக்கு என்ன தோணுதோ அதச் செய் பாட்டி. கார் போனதுக்கே நான் செத்துடல" என்றாள். அவளை வளர்த்தவள் நான் என்று இங்கே பதிவு செய்கிறேன்.

8. ஐயா, கையெழுத்திடாத அந்தத் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் தெரியாமல் செய்யவில்லை. அனுமதி வேண்டும் என்பது தெரியும். அனுமதி கேட்டதும் தெரியும். எதெல்வினாவின் கால் வெந்த வாடையும் தெரியும், அவளைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. அபராதம் விதித்தால் கட்டுகிறேன். அட்டையில் சிக்கல் வந்தால் உரிய இடத்தில் நின்று பதில் சொல்கிறேன். விருந்தாளி என்றால் எச்சில் தட்டைக்கூட எடுக்கமாட்டார். நான் இந்தத் தெருவில் மண் சுமந்தவள். என்னை விருந்தாளி என்று எழுதி மன்னிப்பதைவிட, குடியிருப்பவள் என்று எழுதித் தண்டிப்பதே எனக்கு மரியாதை.

9. ஆகவே தாங்கள் ஒருநாள் காலையில், வண்டிகள் இறங்கும் நேரத்தில், நேரில் வந்து முனையில் நின்று பார்க்க வேண்டும். தடையின் உயரமோ சரிவோ பிழை என்றால் அளவைச் சொல்லுங்கள், எங்கள் செலவில் திருத்திவிடுகிறோம். திங்கட்கிழமை அனுப்பவிருக்கும் உடைக்கும் இயந்திரத்துக்குப் பதில் மஞ்சள் வண்ணம் பூச ஓர் ஆளை அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இடித்தால் அடுத்த ஞாயிறே மறுபடி கட்டுவோம் என்று எழுதச் சொல்லி எதெல்வினா என் தோளை இடிக்கிறாள். அரசு அலுவலருக்கு அப்படி எழுதுவது முறையல்ல என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அது பொய் என்றும் என்னால் எழுத முடியவில்லை.

தங்கள் வரவை முனையில் எதிர்பார்த்து நிற்கும்,

வெர்லீன் ஸ்டோக்ஸ்
(கார்தோன் தெருவில் குடியிருப்பவள்)

இடம்: சான் எவெலியோ
நாள்: 14 மார்ச் 2024