கூரை ஏறியதற்குச் சம்பளம்

சாய்ந்தமருது
10.06.2010

அன்பு மகன் ஜெமீலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் உன் பெண்சாதி சுல்பிகாவும் பிள்ளைகளும் றப்புடைய கிருபையால் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் யார் பேச்சும் கேட்பதில்லை. நீ அந்த நெருப்பு வெயிலில் தலைக்கு ஈரத்துணி போட்டுத்தான் வேலை செய்கிறாயா என்று ஒவ்வொரு தொழுகையிலும் நினைக்கிறேன். பக்கத்து வீட்டுச் சப்ரி அடுத்த வியாழக்கிழமை கட்டாருக்கு வருகிறான், அவனிடம் கருவாடும் தொதல் இனிப்பும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். டெலிபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ எடுத்தவுடன் சத்தம் போடுகிறாய், உன் மகள் அப்னா அழுகிறாள், டெலிபோன் காட் முடிந்து போகிறது. கடிதம் என்றால் உம்மா சொல்லி முடிக்கும்வரை நீ பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

சோலார் கொம்பனி வேலையை விடு என்று உன் மகளுக்குச் சொன்னாய், அவளும் மறு பேச்சுப் பேசாமல் வீட்டில் நின்றுவிட்டாள். சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுகிறாள், கேட்டால் வயிறு சரியில்லையாம். மனேஜர் சுல்பிகாவுக்குக் கோல் எடுத்து, மாத முடிவுவரை அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் போடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் நீ ஒரு முடிவு சொல்ல வேண்டும் மகன். உனக்குக் கதை சொன்னவர்கள் அரைவாசியைத்தான் சொல்லியிருக்கிறார்கள், மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

நம்முடைய பக்கீர் மௌத்தானது உனக்குத் தெரியும். அவனுடைய பெண்சாதி ஜுனைதா, புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தாள். அவர்களுக்குக் கிடைத்த சுனாமி வீடு வயல் வட்டைப் பக்கம், அங்கே இன்னும் கரண்ட் லைன் போகவில்லை, சோலார் லைட்டுத்தான். அது ஒரு நாள் எரியவில்லை. கொம்பனியால் இரண்டு பொடியன்மார் வந்தார்கள், இத்தாவில் இருப்பவளின் வீட்டுக்குள் அந்நிய ஆண் போக முடியுமா, வேலிக்கு வெளியே நின்றே பெட்டரிக்குத் தண்ணீர் விடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கென்று போத்தலில் விற்கிற தண்ணீர் இருக்கிறதாம், அதை யாரும் சொல்லவில்லை. அவள் கிணற்று உப்புச் சவர்த் தண்ணீரை அள்ளி நிறைய ஊற்றிவிட்டாள். பெட்டரி செத்துப் போனது, அந்த நட்டத்தை மனேஜர் பொடியன்மாரின் சம்பளத்தில் பிடித்தார். அப்போது அப்னா கொம்பனிக் கந்தோரில் பில் எழுதிக்கொண்டிருந்தவள். பொம்பிளைகள் இருக்கிற வீட்டுக்குப் பொம்பிளை போனால் இந்தச் சோலி வராதே, எனக்குப் பழக்கித் தாருங்கள் சேர் என்று கேட்டிருக்கிறாள், அவரும் பழக்கிவிட்டார். வேனில் தனியாக அனுப்பலாமா, நானும் கூடப் போனேன். இத்தா வீடு, மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற வீடு, எல்லாம் அவள்தான். சண்டை முடிந்து ரோட்டும் திறந்துவிட்டதால் தமிழ் ஊரான விநாயகபுரம் வரைக்கும் போனோம், அங்கே சிவக்கொழுந்து என்று ஒரு அம்மா, மகனையும் மருமகனையும் சண்டையில் இழந்தவள், லைட் எரிந்ததும் அப்னாவின் கன்னத்தைத் தடவிவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். என்னைக் காட்டி, மூத்தம்மாவுக்கும் சம்பளம் போடுங்க சேர் என்று பொடியன்மார் பகிடி பண்ணுவார்கள், மனேஜர் காது கேளாத மாதிரி இருந்துவிடுவார்.

ஆனால் வேலை ஒன்றுதான், சம்பளம் இவளுக்குக் குறைவு. ஏன் என்று கேட்டிருக்கிறாள். "கூரையில ஏறுற ஆளுக்குத்தான் அந்தச் சம்பளம், நீ ஏறுறியா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்தவள் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு, "மூத்தம்மா, ஏணியப் புடிப்பீங்களா?" என்றாள்.

தென்னை ஓலை வெயிலை மறைக்கிறது என்று ஜுனைதா வீட்டுக் கூரையிலிருந்த சோலார்த் தகட்டை மாற்றிப் பூட்ட வேண்டியிருந்தது. பொடியன்மாரை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு, அபாயாவுக்குள்ளே காற்சட்டை போட்டு, பிள்ளை பிஸ்மி சொல்லி ஏறினாள். குசினி வாசலில் நின்ற ஜுனைதா, "கவனம் புள்ள, நீ விழுந்தா நான் ரோட்டுக்கு ஓடி வந்திருவன், என்ட இத்தா முறிஞ்சிரும்" என்றாள். எனக்குச் சிரிப்பில் ஏணியே ஆடிப்போனது. ஓம் மகன், ஏணியைப் பிடித்தது நான்தான். உன் மகள் ஆம்பிளை மாதிரிக் கூரையில் நிற்கிறாள் என்று உனக்கு டெலிபோன் பண்ணியவருக்குக் கீழே நின்ற என்னைத் தெரியவில்லை போலிருக்கிறது. ஏச வேண்டுமென்றால் என்னை ஏசு. அந்த மாதம் பொடியன்மாருக்குக் கொடுத்த சம்பளத்தையே அவளுக்கும் கொடுத்தார்கள், அவள் கேட்டு, ஏறி, வாங்கியது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான், எனக்கு எவ்வளவு பெருமை என்பதை உனக்கு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

உன் பயமும் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வராமல் போகும் என்கிறாய். பொய் சொல்லமாட்டேன், பேசுகிறவர்கள் பேசுகிறார்கள், அவளைப் பெண் கேட்டு வந்த ஒரு வீட்டார் பேச்சை நிறுத்தியும்விட்டார்கள். எனக்கும் அன்று இரவு நித்திரை இல்லை. ஆனால் நம் ஊரில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் அங்கே குடி வருகிறவர். அவளுக்கென்று நீ வெயிலில் நின்று கட்டுகிற வீட்டுக்குள் வரப்போகிறவன் அவளை மதிக்கிறவனாக இருக்கட்டுமே.

உன் சொல் வராமல் அவளை நான் அனுப்பமாட்டேன், தகப்பன் நீ. வேண்டாம் என்றால் அதை எனக்குச் சொல், அவளிடம் நான் பக்குவமாகச் சொல்கிறேன். சரி என்றால் நீயே அவளோடு கதை. மாத முடிவுவரை ஒன்றும் சொல்லாமல் இருந்தாயானால், நிக்காஹ்வில் பெண்ணிடம் கேட்டு அவள் பேசாமல் இருந்தால் எப்படிச் சம்மதம் என்று எடுப்போமோ, உன்னையும் அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலையில் அவளோடு நானும் வேனில் ஏறிவிடுவேன்.

பிறஷர் குளிசையைத் தவறவிடாதே. அல்லாஹ் உன் உடம்புக்கும் உழைப்புக்கும் பறக்கத்தைத் தரட்டும், உன்னை முகம் வாடாமல் எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
உம்மா