வேனின் அடியில் நீ பூசிய கறுப்பு

என் பிரியத்துக்குரிய மச்சான்,

உனக்கு என் ஸலாம். கோபத்தோடு வருகிறவனும் ஸலாம் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும், அதனால் சொல்கிறேன். பெருநாள் அன்று மையவாடிக்கு வந்து, உன் கப்ரடியில் நின்று உனக்காக துஆக் கேட்டேன். அதற்குப் பிறகு வரவில்லை. வர மனமில்லை. ஊரிடம் சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முதுகுக்குப் பின்னால் கதைத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

வேனைப் பற்றிய கதை இது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க நான் வாங்கிய பழைய வேன். மாதக்கணக்கில் உன் கராஜில் வைத்திருந்து, நீயே திருத்தித் தந்தாயே, அதே வேன்தான்.

போன மாதம் ஒரு காலை, பிள்ளைகளோடு மருதமுனையிலிருந்து கல்முனைக்கு வரும்போது பின் டயர் காற்றுப் போய்விட்டது. பிள்ளைகளை இறக்கி ஒரு மதில் நிழலில் நிறுத்திவிட்டு, ஜாக்கை வைத்துச் சுற்றினேன். வேன் எழும்பவில்லை, ஜாக்தான் எழும்பியது. அடித்தகட்டைக் குத்திக்கொண்டு உள்ளே போய், பின் சீட்டின் காலுக்குப் பக்கத்தில் தலையை நீட்டியது. சின்னப் பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்து, "அங்கிள், வேன்ல ஓட்ட விழுந்திட்டு" என்றது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சீட்டில் யார் யார் இருந்து வருவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

அந்த அடிப்பாகத்தைப் பற்றி நாம் எவ்வளவு வாதாடினோம் மச்சான். வேனுக்குக் கீழே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரு பல்பைத் தொங்கவிட்டு, என்ன பூச்சுப் பூசுவது என்று சண்டை பிடித்தோம். பவுடர் கோட்டிங் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து நான் சொன்னேன். "அதச் சுட்டெடுக்கிற அடுப்பு வேனளவுக்கு வேணும்டா, உன்ட ஊட்டு அடுப்புல வெக்கப் போறியா?" என்று சிரித்தாய். வாளிக்குப் போல நாகம் பூசிக் கல்வனைஸ் பண்ணலாமா என்று கேட்டேன். "வாளியையா கொண்டு வந்திரிக்காய்?" என்றாய். கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. துருவை எடுத்துவிட்டு, திரும்பத் துருப்பிடிக்காமல் இருக்கச் சிவப்பு அன்டிகொரோசிவ் பூசி, அதற்கு மேலே வெள்ளை பெயின்ட் அடிப்பது ஒன்று. மொத்தமாகக் கறுப்புத் தாரைப் பூசிவிடுவது மற்றது.

"இது கடக்கர ஊரு மச்சான். பெயின்ட் ரெண்டு மாரிக்குத் தாங்கா. தாரப் போட்டா எருமத் தோல் மாதிரிக் கிடக்கும்."

"வெள்ளைய அடிச்சா துரு வந்தோடனே தெரியுமே."

"அடில கிடக்கிறத ஆருடா குனிஞ்சி பாக்கப் போற?"

"நான் பாப்பன்."

"நீ வேன ஓட்டு. அடிய என்னட்ட விடு."

விட்டேன். பள்ளிக்கூட வாங்கிலிருந்து பழகியவன், என் தங்கச்சியைக் கட்டியவன், உன்னிடம் விடாமல் வேறு யாரிடம் விடுவேன்? வேனை எடுக்க வந்த நாளில் கேட்டேன். துருப்பிடித்ததை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டதாகச் சொன்னாய். புதுத் தகடு வைத்து வெல்ட் பண்ணி, அன்டிகொரோசிவ் இரண்டு தடவை அடித்து, அதற்கு மேலேதான் தார் என்றாய். "வல்லாஹி மச்சான்" என்று என் தோளில் தட்டினாய். நான் அதைக் கேட்கவில்லை, நீயாகத்தான் சத்தியம் பண்ணினாய்.

ஓட்டை விழுந்த வேனைப் பாண்டிருப்பில் யோகன் என்ற தம்பியின் கராஜுக்குக் கொண்டுபோனேன். தாரைச் சுரண்டச் சுரண்ட நான் பக்கத்தில் குந்திக்கொண்டு இருந்தேன். புதுத் தகடு ஒன்றுகூட இல்லை. சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. சேசிஸ் இத்துப்போன இடங்களில் பழைய துணியையும் சிமெந்துப் பைக் கடதாசியையும் அடைத்து, மேலே புட்டி வைத்து இழுத்து, அதன்மேல் தாரைப் பூசியிருந்தாய். யோகன் ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினான். பிடி வரைக்கும் போனது.

"நானா, இதுக்குள்ள இரும்பே இல்ல. தார நம்பித்தான் இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறீங்க" என்றான். வேலை செய்த ஆள் யார் என்று கேட்டான். நான் சொல்லவில்லை.

ஏன் மச்சான்? அவசரமா? வேலை கூடிப்போயிற்றா? ஏலாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஆளிடம் கொண்டுபோயிருப்பேனே. தெரியாமல் செய்தாய் என்று வைத்துக்கொள்ளவும் வழியில்லை. கடதாசியை அடைத்த கைக்கு, தான் என்ன அடைக்கிறது என்று தெரியாதா?

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கராஜிலேயே விழுந்தாயே, அடுத்த நாள் உன் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் எழும்பி நின்றது நான்தான். உனக்கு ஆண்பிள்ளை இல்லை. வரிசை வரிசையாக நின்ற ஸப்புகளைத் திரும்பிப் பார்த்து, "எங்கட மச்சான் ஆருக்காவது ஒரு அநியாயம் செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சுப் பொருந்திக்கொள்ளுங்க" என்று அழுதுகொண்டே கேட்டேன். "நான் பொருந்திக்கிட்டன்" என்று முதலில் நானே சொன்னேன், பிறகு "பொருந்திக்கிட்டம்" என்று பள்ளிவாசலே சொன்னது. முன் ஸப்பில் நின்றவர்களில் பாதிப்பேர் என் வேனில் வருகிற பிள்ளைகளின் வாப்பாமார். எதைப் பொருந்திக்கொள்கிறோம் என்று தெரியாமலே அவர்கள் சொன்னார்கள். எதைக் கேட்கிறேன் என்று எனக்கும் தெரியாது. என்னை ஏமாற்றியதைவிட, அந்த மனிதர்களின் முன்னால் என்னைக் கைகட்டிக் கேட்க வைத்ததுதான் என்னை எரிக்கிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஒருவேளை ஆறியிருப்பேன். தங்கச்சிக்கு முதலில் தெரியவேண்டும் என்று போய்ச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கையிலிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"காக்கா, ஒரு வெள்ளிக்கிழம நீங்க வேனக் கொண்டுவந்து நம்மட வளவுக்குள்ள விட்டுட்டு ஜும்ஆக்குப் போனீங்களே. அண்டைக்கு இவரு உடம்புக்கு ஏலா எண்டு பிந்தித்தான் பள்ளிக்குப் போன. போறத்துக்கு முன்ன வேனுக்குக் கீழ பூந்து பாத்திட்டு வந்தாரு. என்ன பாக்கிறீங்க எண்டு கேட்டன். ஒண்டுமில்ல எண்டாரு."

"பிறகு?"

"அடுத்த கிழமைல இருந்துதான் மகள உங்கட வேன்ல அனுப்பாம மோட்டார் சைக்கிள்ல அவரே ஏத்திட்டுப் போன."

அது எனக்குத் தெரியும். என்னிடம் வந்து, "கோவிக்காத மச்சான், அவளோட ரோட்டுல கொஞ்சம் கதைச்சிட்டுப் போனா மனசுக்கு நல்லம்" என்றாய். நான் கோவிக்கவில்லை. நீ மௌத்தான பிறகு அதைத்தான் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அழுதேன். மகளோடு இருக்கக் கொஞ்ச நாள்தான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றேன். கேட்டவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். உனக்குத் தெரிந்திருந்தது வேறு. உன் பிள்ளையை இறக்கிக்கொண்டாய். மற்றப் பிள்ளைகள் அதே சீட்டில் இருந்து எனக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஒரு வார்த்தை மச்சான். "வேன நிப்பாட்டு" என்று ஒரு வார்த்தை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை எப்படி விழுங்கினாய்?

யோகன் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துப் புதிதாக வெல்ட் பண்ணிவிட்டான். ஒவ்வொரு தகட்டையும் நான் தட்டிப் பார்த்த பிறகே அன்டிகொரோசிவ் அடித்தான். மேலே என்ன போடுவது என்று கேட்டபோது வெள்ளை என்றேன். "தார் கூடாத சாமான் இல்ல நானா, கீழ இரும்பு நல்லா இருந்தாச் சரி. வெள்ளையில கல் பட்டாக் கழரும்" என்றான். அவன் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். கழன்றால் திரும்ப அடிப்பேன், எனக்கு அடி தெரிய வேண்டும் என்றேன். இப்போது வேனுக்குக் கீழே கல்யாண வீட்டுச் சுவர் போலக் கிடக்கிறது. நீ பார்த்தால் சிரிப்பாய்.

நாளை அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு வீடாகப் போகிறேன். தங்கச்சியிடம் கேட்டேன், "சொல்லுங்க காக்கா, அவங்கட புள்ளைகள்தானே" என்றாள். என்ன நடந்தது என்று சொல்வேன், யார் செய்தது என்றும் சொல்வேன். அன்று தெரியாமல் பொருந்திக்கொண்டதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள் என்று கேட்பேன். மாட்டேன் என்கிறவரிடம் உனக்காக வாதாட மாட்டேன். அன்று பள்ளிவாசலில் முதல் ஆளாகச் சொன்னவன் நான். இனி கடைசி ஆளாகத்தான் என் பதிலைச் சொல்வேன். அது என்னவாக இருக்கும் என்று இப்போது கேட்காதே.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். உன் மகள் திங்கட்கிழமையிலிருந்து என் வேனில்தான் பள்ளிக்கூடம் போவாள். முன்னால் என் பக்கத்தில் இல்லை. பின் சீட்டில், மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில்.

இப்படிக்கு,
உன் மகளின் மாமா