உன் பலகையில் ரதியின் சப்பாத்து

என் அன்பு மச்சான் சிவநேசனுக்கு,

நீ இறந்து ஒரு மாதத்தில் செய்த அந்தியேட்டிச் சடங்கு முடிந்து மூன்றாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. அகதி வழக்கு முடியாத நாம் மாவட்ட எல்லையைத் தாண்டிப் பனிமலைக்குப் போய்வர அனுமதி. நீ எழுதிப் போட்ட அன்ட்ராக், அந்த விண்ணப்பத்துக்குத்தான். கணவன், மனைவி என்று உன் பெயரும் ரதியின் பெயரும் ஒரே தாளில் இருந்தன. என் தங்கை அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

மூன்று குளிர்காலம் ஸ்கீ கடையின் பின்னறையில், ஊராரின் பனிச்சறுக்குப் பலகைகளுக்கெல்லாம் நாம் இருவரும் பூட்டு மாட்டினோம். சப்பாத்தைப் பலகையோடு பிடித்துவைக்கிற அந்தப் பூட்டைப் போட்டு நீ ஒருநாள்கூடச் சறுக்கியதில்லை. முதலாளி கழித்துவிட்ட ஒரு சோடியை உனக்கென்று எடுத்தாய். கடையில் திருகாணியை நேரே மரத்தில்தான் முடுக்குவோம். நீ மட்டும் துளைக்குள் உட்புறம் திருகுமரை வெட்டிய சின்ன எஃகுக் குழலைப் பசை வைத்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, அதற்குள் ஆணியை முடுக்கினாய்.

"என்ன மச்சான், ஆணிக்கு வீடு கட்டுறியோ?" என்று நக்கலடித்தேன்.

"மரத்தில நேரா முடுக்கினா, ரெண்டாந்தரம் கழட்டேக்க பிடி விட்டுடும். இதெண்டா நூறுதரம் கழட்டிப் பூட்டலாம்."

"நீ ஏன் நூறுதரம் கழட்டப்போறாய்?"

நீ சிரித்தபடி அடுத்த துளைக்குப் பசை வைத்தாய்.

போன சனிக்கிழமை ரதி தன் காலுக்கு வாங்கிய பழைய ஸ்கீ சப்பாத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணை, அவற்ற பலகையை இதுக்கு அளவா மாத்தித் தாங்கோ. அனுமதி எனக்கும்தானே வந்திருக்கு. நான் போகப்போறன்."

உன் கால் நாற்பத்திரண்டு, அவளுக்கு முப்பத்தேழு. பின்பூட்டை முன்னே தள்ளப் புதுத் துளை போட வேண்டும். ஆழம் கொஞ்சம் தப்பினாலும் துரப்பணம் அடிப்பக்கத்தால் வந்துவிடும். அப்படி ஒரு பலகையை நான் நாசமாக்கியதும், முதலாளியிடம் பழியை நீ ஏற்றதும் மறக்கவில்லை. உன் ஞாபகமாக மிஞ்சியது இந்த ஒரு சோடி.

பூட்டைக் கழற்றினேன். ஆணிகள் சுகமாக வந்தன, ஒரு மரச்சிம்புகூடப் பெயரவில்லை. பின்பூட்டைத் தூக்கினால், உன் நான்கு துளைகளுக்கு முன்னால் இன்னும் நான்கு. மெழுகால் அடைத்திருந்தாய். சுரண்டிப் பார்த்தேன். உள்ளே எஃகுக் குழல்கள். மற்றப் பலகையிலும் அப்படியே. பூட்டை அங்கே மாட்டினேன், ரதியின் சப்பாத்து அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

எப்போது போட்டாய் மச்சான்? ஒரே சோடியை இருவரும் மாறிமாறிப் போடலாம் என்றா? அல்லது நெஞ்சுநோவை எங்களுக்கு ஒளித்த அந்த மாதத்திலா?

"அண்ணை, அவருக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்று ரதி கேட்டாள்.

இருவரும் பலகையைப் பிடித்தபடி அழுதோம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போகிறாள். எனக்கு அனுமதி இல்லை, பஸ் நிலையம்வரை பலகையைத் தூக்கிப் போவேன்.

வேண்டாத துளையைக் கடையில் பசை விட்டு மூடுவோம், பிறகு அது திறக்காது. உன்னுடையவற்றுக்கு நான் மெழுகுதான் வைத்திருக்கிறேன். தண்ணீர் இறங்காமல் ஒவ்வொரு குளிர்காலமும் புது மெழுகு வைப்பேன். நான் இருக்கும்வரை உன் அளவை மூடமாட்டேன்.

ரதியின் அண்ணன்,
உன் மச்சான் குலம்