ராஜாவின் தாவலும் ஒரு கேசட்டும்

4.5.1987
பெருமதிப்பிற்குரிய நாட்குறிப்புக்கு வணக்கம். பத்து நாட்களாக ஒரு வரியும் எழுதாமைக்குப் பொறுத்தருள வேண்டும்.

காரணம் பீபி ஜான் அக்கா. ஓய்வுபெற்ற நர்ஸ், வயது அறுபத்தாறு, ஒன்பது ஆண்டுகளாக வெள்ளிதோறும் என்னுடன் சதுரங்கம் ஆடுபவர். ராஜா ஆட்டத்தில் ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம் என்பது அவர் வீட்டு வழக்கம். உலக விதிகளில் அது கிடையாதென்று நான் புத்தகத்தைக் காட்டினேன். என்னைப் போல் எட்டாம் வகுப்போடு நின்று, தானே ஆங்கிலம் கற்று, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைப்பவள் வேறெதைக் காட்டுவாள்?

“புக்க உன் ஊட்ல வச்சிக்க வேதா. எங்க அத்தா காலத்துலேர்ந்து ராஜா தாண்டிக்கினுதான் கீறாரு” என்று காய்களை வாரி டப்பாவில் போட்டார். அத்துடன் பேச்சு நின்றது.

16.5.1987
சென்னை சென்று வந்தேன். அக்காவின் மகன் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டர் ஓராண்டாக டி.வி.க்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. அதில் ஓடும் சதுரங்க கேசட்டை ரம்ஜானுக்குப் பரிசளிக்கத் தீர்மானித்தேன். சமாதானம் என்று ஊர் கருதும். கருதட்டும்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். “இதுல ஆடின மூவ திருப்பி எடுக்கலாம் மேடம். பெரியவங்களுக்கு நல்லா இருக்கும்.”

“அரசன் குதிரையைப் போலத் தாவினால் அனுமதிக்குமா?”

“ரெண்டுமே உடாதுங்க. இன்டர்நேஷனல் ரூல்ஸ்.”

ஆடியதைத் திருப்பி எடுக்கவும் இடம் தராத மற்றொன்றை வாங்கினேன். நான் சொன்னால் கேளாதவருக்கு இயந்திரம் சொல்லட்டும்.

29.5.1987
ரம்ஜான். அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். டி.வி. மெக்கானிக் ஜானி பாஷா வந்து இணைத்தார். கேசட்டிலிருந்து ஆட்டம் கம்ப்யூட்டரில் ஏறும்வரை ஐந்து நிமிடம் அலறியது. “இன்னாம்மா, ஜன்னி கண்டவன் மாதிரி கத்துது?” என்றார் அக்கா.

பிறகு ஆட்டம். ராஜாவைத் தாவச் சொன்னார், மறுத்தது. மீண்டும் சொன்னார், மறுத்தது. நான் மிகுந்த அடக்கத்துடன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா சிரித்தார். “பாத்தியா வேதா? முடியாதுன்னு ஒரு பீப்பு, அவ்ளோதான். உன்ன மாதிரி லெக்சர் அடிக்கல.”

— நான் சொன்னதைத்தானே அதுவும் சொன்னது?

12.6.1987
“குந்தும்மா. சேமியா கீது, போட்டுக்க. நான் மூணாவது லெவல்ல கீறேன்” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். சேமியாவில் குறையில்லை. நாற்பது நிமிடம் அவர் முதுகுடன் உரையாடித் திரும்பினேன்.

19.6.1987
நான்காவது லெவல்.

3.7.1987
போகவில்லை. எவரும் தேடவில்லை. எனக்கு நானே ஆடினேன், வெள்ளை வென்றது. தோற்ற கறுப்பும் நான்தான்.

என்னத்த ஜெயிச்சேன்? நானே தேடிப் போய் வாங்கியாந்து, என் எடத்துல உக்கார வெச்சிட்டேனே —

8.7.1987
ஜானி பாஷாவிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தின் நகல்:

மதிப்பிற்குரிய அக்கா, வரும் வெள்ளி மாலை நான்கு மணிக்கு ஆட வர விரும்புகிறேன். அன்று மட்டும் டி.வி. அணைந்திருக்க வேண்டுகிறேன். ராஜா தாவலாம். ஒரு முறை போதாதெனில் இரு முறை. உடனே பதில் தரவும்.