பட்டி பார்த்த கோபுரம்

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முனகுகிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், முழுசாக நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் பொம்மைப் போர் ஆட்டப் போட்டிக்கு நீ கேட்ட பெட்டிகளை வாங்கிவிட்டேன், ஆனால் அதில் ஒரு கதை இருக்கிறது, முழுக்கப் படி, பாதியில் போன் போட்டுக் கத்தாதே.

கடையைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. செருப்புக் கடைக்கு மேலே குறுகலான படி, ஏறிப் போனால் அடேயப்பா, உள்ளே ஒரு உலகமே இருக்கிறது. கடைக்காரத் தாடிக்காரர் என்னைப் பார்த்ததும் பேரனுக்கா என்று கேட்டார், வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு மகளுக்கு என்றேன். உங்க பொண்ணு ஆட்டத்துல எந்தப் படைம்மா என்றார். கரப்பான்பூச்சியைக் கூட காகிதத்தில் அள்ளி வெளியே விடுகிறவள், அவளுக்கு ஏதுப்பா படை என்றேன், மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். நடுவில் பெரிய மேசை, அது வேற்றுக் கிரகமாம். ஊதா மண், உருண்டைக் குழாய்கள், சாய்ந்த கோபுரங்கள், அவற்றின் நடுவே என் சுண்டுவிரலில் பாதி உயரத்துக்குச் சிப்பாய்கள். தலை நரைத்த ஒருவரும் கல்லூரிப் பெண் ஒருத்தியும் குனிந்து குனிந்து டேப் வைத்து அளக்கிறார்கள், அச்சு அசல் நம் அப்பா தளம் போட அளப்பது போலவே. எனக்கு வாய் சும்மா இருக்குமா, சண்டைதானே போடுறீங்க, இந்த இடிஞ்ச சுவரெல்லாம் எதுக்கு என்று கேட்டேன். வெறும் மேசைன்னா முதல்ல சுடறவன் ஜெயிச்சிடுவான் ஆன்ட்டி, ஒளிய இடம் இருந்தாத்தான் ஆட்டமே என்றாள் அவள். ஒளிந்தவனின் தலை மட்டும் தெரிந்தால் சுடலாமா, குழாய்க்குள் புகலாமா, மாடியிலிருந்து குதித்தால் கால் போகுமா என்று நான் கேட்டுக்கொண்டே நின்றேன், தைத்துக் கொடுக்க வேண்டிய திரைச்சீலைகள் மறந்தே போயின.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெட்டிகளை எடுத்துவர இருக்கும் உன் தோழியின் பை சின்னது என்று கோபுரப் பெட்டியைப் பிரித்து, ஒட்டிச் சேர்க்க வேண்டிய துண்டுகளை மேசையில் பரப்பினேன். அப்பாவிடம் யாருக்கென்று சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், உனக்காக மாடியில் அறை கட்டினார், பூச்சு காய்வதற்குள் நீ வேலை கிடைத்தது என்று கிளம்பிவிட்டாய், அன்று உன்னிடம் பேச்சை நிறுத்தியவர் நிறுத்தியவர்தான். உன் போன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போகிறார், ஆனால் என் குரல் கேட்கிற தூரத்தில்தான் நிற்கிறார். உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று எனக்கு அலுத்துவிட்டதடி, அழுகைகூட வந்தது. அது இருக்கட்டும். வேலையிலிருந்து வந்தவர் துண்டுகளைப் பார்த்துவிட்டு, உடைஞ்ச சாமானை உன் தலையில கட்டிட்டானா என்றார். இது இடிந்த கோபுரம்தான், இப்படித்தான் இருக்கும் என்றேன், காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நான் திரைச்சீலை கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் மேஸ்திரி வேலையை முடித்துவிட்டார். கோபுரத்தை ஒட்டி, இல்லாத பாதிச் சுவருக்கு அட்டை வெட்டி வைத்து, பட்டி பார்த்து, தேய்த்து, ஜன்னலுக்கு மேலே மழை படாமல் சின்னதாக ஒரு சன்ஷேட் வேறு! வேற்றுக் கிரகத்தில் மழை பெய்யுமா என்று யார் கண்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில், ஐயோ அது உங்க பொண்ணு போட்டிக்குக் கேட்டது, இடிஞ்சிருந்தாத்தான் அவளுக்கு ஆகும் என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து வாசலுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கையிலிருந்த உப்புத்தாளை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, அவ ஆளுங்க என்ன உயரம் இருப்பாங்க என்று கேட்டார். சுண்டுவிரலில் பாதியைக் காட்டினேன். அப்போ வாசல்ல தலை இடிக்குமே என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவரும் வைத்தாயிற்று, உன் ஆட்கள் விழுந்துவிடக் கூடாதாம்.

நீ பயப்படாதே, போட்டிக்குக் குறை வராது. தாடிக்காரரிடம் வேறொரு கோபுரம் வாங்கி, மற்ற இரண்டு பெட்டிகளோடு திரைத் துணிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், தோழி வரும்வரை அவர் கண்ணில் படாது. பிசின் கையில் பட்டால் உடனே கழுவு, ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டு, ஆட்டம் முடிந்ததும் யார் யாரைச் சுட்டார்கள் என்று எனக்கு விவரமாகச் சொல். எல்லா ஆட்டத்திலும் ஜெயித்து, உடம்பு மனசு இரண்டும் நன்றாக இருந்து நீ சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடிதத்தின் கீழே இடம் விடச் சொன்னார் அப்பா, விட்டிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே,
அம்மா

கோபுரத்துப் படி ரொம்பச் செங்குத்தா இருந்தது, சரி பண்ணிட்டேன். கோபுரம் உன் ரூம் ஜன்னல்ல இருக்கு. இடிஞ்சதாத்தான் வேணும்னா நேர்ல வந்து நீயே இடிச்சுக்கோ.
அப்பா