கரண்ட் கீதா என்று கேட்டவருக்கு

படுக்கையறை சன்னலில் நீங்கள் ஆணியடித்து மாட்டிய கறுப்புத் துணியை, வயரிங் பார்க்க வந்த பேட்டரிக்காரர் இன்று விலக்கினார். தூசியோடு உங்கள் தேங்காய் எண்ணெய் வாசனையும் வந்தது. "பட்டப்பகல்ல எதுக்கும்மா இவ்ளோ இருட்டு?" என்றார். "எங்க வூட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட்" என்றேன். இப்போது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பகல் தூக்கத்துக்காகத்தானே மாடியில் சோலார் போட்டோம். ஒரகடத்தில் இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர் ஏசியில் தூங்கட்டும் என்று. எனக்கு வல்லத்தில் பகல் ஷிப்ட். நீங்கள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் என் பஸ்ஸில் ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பம் நடத்தினோம்.

அப்படியொரு ஞாயிறு மத்தியானம் கரண்ட் போய் ஏசி நின்றதும், வேர்க்க விறுவிறுக்க மாடிக்கு ஓடினீர்கள். "வெயிலு மண்டையப் பொளக்குது, இது இன்னாடான்னா கரண்ட் இல்லன்னுது!" என்று சோலாரைத் திட்டினீர்கள். லைனில் கரண்ட் போனால் நம் சோலாரும் நின்றுவிடும், பேட்டரி இருந்தால்தான் ஓடும் என்பது அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது. எதிர் வீட்டு அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "தீபாவளிக்கு பேட்டரி போட்டுக்கலாம், வுடு" என்றீர்கள். அந்தத் தீபாவளிக்கு நீங்களே இல்லை.

ராத்திரி வீட்டில் என்னென்ன ஓடும் என்று பேட்டரிக்காரர் கேட்டார். ஒரு ஃபேன், ஒரு லைட்டு. "அதுக்கு இம்மாம் செலவு வேணுமாம்மா? யோசிச்சி சொல்லுங்க" என்றார். நியாயமான மனுஷன். மழைக்காலத்தில் கரண்ட் போனால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? அப்போதும் ராத்திரியில் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் தினமும் டீ பிரேக்கில் உங்கள் போன் வரும். "கரண்ட் கீதா?" கரண்ட் இருக்கிறதா என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கத் தெரியாது உங்களுக்கு. இன்னும்கூட விளக்கு அணைந்ததும் என் கை போனைத்தான் தேடுகிறது.

"பேட்டரி போட்டா கரண்ட் போனதே தெரியாதும்மா" என்றார். அப்புறம் என் கை எதற்காகப் போனைத் தேடும்? வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். பிறகு, தினமும் நீங்கள் என்னிடமிருந்து என்ன பதில் எதிர்பார்த்தீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். போடச் சொல்லிவிட்டேன்.

கறுப்புத் துணி அப்படியேதான் இருக்கிறது. டீ பிரேக் நேரமும் எனக்கு மறக்கவில்லை. இனி எந்த ராத்திரி கேட்டாலும் ஒரே பதில்தான்.

கீதுங்க.